அப்டேட்டில் சிக்கி லோகோவிலேயே சுற்றும் போன்: உள்ளே இருப்பது அழியாமல் மீட்க முடியுமா?

பாமணியாறு (மன்னார்குடி பக்கம்)

அண்ணன்மார் எல்லாருக்கும் வணக்கம். ஆண்ட்ராய்டு போன், வாங்கி மூன்று வருடம் ஆகிறது. ஸ்னாப்டிராகன் சிப், 128 ஜிபி. மெமரி கார்டு போடும் வசதி இல்லை. சிஸ்டம் அப்டேட் இறங்கி முடிந்து ரீஸ்டார்ட் கேட்டது, கொடுத்தேன். அதிலிருந்து கம்பெனி லோகோ வந்து அசைந்துகொண்டே இருக்கிறது. கொஞ்ச நேரத்தில் தானாக அணைந்து மறுபடி லோகோ. இப்போது கறுப்புத் திரையில் 'கான்ட் லோட் ஆண்ட்ராய்டு சிஸ்டம், யுவர் டேட்டா மே பி கரப்ட்' என்று எழுதி, கீழே 'ட்ரை அகெய்ன்', 'ஃபேக்டரி டேட்டா ரீசெட்' என்று இரண்டு வரி காட்டுகிறது. அப்டேட்டுக்கு முன்னால் உள்ளே சுமார் 3 ஜிபிதான் காலி இருந்தது.

குறுவை, சம்பா இரண்டு போகத்துக் கணக்கும் நோட்ஸில் இருக்கிறது. அறுவடை மெஷின் வாடகைச் சீட்டு, கொள்முதல் நிலைய ரசீது எல்லாம் படமாக உள்ளேதான். கூகுள் பேக்கப் ஓடியதா என்று தெரியாது. கடையில் கேட்டால் ஃபிளாஷ் போட்டு (சிஸ்டத்தைப் புதிதாக ஏற்றி) தருகிறோம், டேட்டா போய்விடும் என்கிறார்கள். டேட்டா போகாமல் வழி உண்டா? வீட்டில் விண்டோஸ் லேப்டாப் இருக்கிறது.

குடமுருட்டி (திருவையாறு)

தம்பி, அந்த 'ஃபேக்டரி டேட்டா ரீசெட்' வரியை மட்டும் தொடாதீர்கள். வீட்டில் வேறு யாரும் தொடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். ஆண்ட்ராய்டு 10-உடன் வெளிவந்த போன்களிலிருந்து உள்சேமிப்பு முழுக்கப் பூட்டுக் குறியாக்கத்தில்தான் இருக்க வேண்டும் என்பது விதி. அதைத் திறக்கும் சாவி பிராசசருக்குள் தனியான பாதுகாப்புப் பகுதியில் இருக்கிறது. உங்கள் பின் நம்பரோ பேட்டர்னோ சேர்ந்தால்தான் உங்கள் கோப்புகள் திறக்கும். ரீசெட் கொடுத்தால் அந்தச் சாவியே அழிந்துவிடும். அதன்பிறகு மெமரி சிப்பைக் கழற்றிப் படித்தாலும் வருவது வெறும் குப்பைதான். ரீசெட் ஆன போனிலிருந்து படங்களை மீட்டுத் தருவதாக விற்கிற எந்த மென்பொருளுக்கும் காசு கொடுக்காதீர்கள்.

திரையில் வந்திருக்கும் வாசகத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஆண்ட்ராய்டு 8-ல் 'ரெஸ்க்யூ பார்ட்டி' என்று ஒரு ஏற்பாடு வந்தது. சிஸ்டத்தின் முக்கியமான பகுதி எழுந்து எழுந்து விழுந்தால், சில அமைப்புகளைப் படிப்படியாகப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து பார்க்கும். அதற்கும் சரிவராவிட்டால் இந்தத் திரையில் கொண்டுவந்து நிறுத்தும். உங்கள் டேட்டா உண்மையிலேயே கெட்டுவிட்டது என்று அது சோதித்துச் சொல்லவில்லை. 'மே பி' என்றுதானே போட்டிருக்கிறது.

எந்த இடத்தில் நிற்கிறது என்பதை வைத்தே பாதி நோயைச் சொல்லிவிடலாம். லோகோ அசையாமல் உறைந்து நின்றால் கர்னலோ (சிஸ்டத்தின் அடிப்படைப் பகுதி) பூட் பகுதியோ சரியாக எழுதப்படவில்லை. லோகோ அசைகிறது, ஆனால் உள்ளே போகவில்லை என்றால் கர்னல் எழுந்துவிட்டது, அதற்கு மேலே இருக்கும் சிஸ்டம் விழுகிறது. புது சிஸ்டம் கோப்பு குறைபட்டது, சேமிப்பு நிரம்பி வழிவது, ஏதோ ஒரு செயலி ஒத்துப்போகாதது, இவற்றில் ஒன்று. சிவப்பு எழுத்தில் 'யுவர் டிவைஸ் இஸ் கரப்ட்' என்று வந்தால் சிஸ்டம் பகுதியின் கையொப்பச் சோதனை தோற்றிருக்கிறது. திரையே வராமல், கம்ப்யூட்டரில் செருகினால் டிவைஸ் மேனேஜரில் 'குவால்காம் 9008' என்று மட்டும் தெரிந்தால் பூட்லோடரே (போனை முதலில் எழுப்பும் சின்ன நிரல்) எழவில்லை. அதுவும் தெரியாவிட்டால் பேட்டரி, சார்ஜிங் போர்டு, மதர்போர்டு பக்கம் பார்க்க வேண்டும். உங்களுடையது இரண்டாவது வகை. இருப்பதில் மீட்க வாய்ப்பு அதிகமுள்ள வகை அதுதான்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். 2016-ல் ஆண்ட்ராய்டு 7 வந்தபோது ஏ, பி என்று இரண்டு ஸ்லாட் வைக்கும் முறை வந்தது. வீட்டில் இரண்டு பத்தாயம் இருந்தால் ஒன்றிலிருந்து எடுத்துச் சமைத்துக்கொண்டே இன்னொன்றில் புதுநெல் கொட்டுவதுபோல, ஓடுகிற சிஸ்டத்தைத் தொடாமல் மற்ற ஸ்லாட்டில் அப்டேட் எழுதப்படும். ரீஸ்டார்ட்டில் புது ஸ்லாட்டுக்கு மாறும். அது குறிப்பிட்ட தடவை முயன்றும் எழாவிட்டால் பூட்லோடரே பழைய ஸ்லாட்டுக்குத் திரும்பிவிட வேண்டும். ஆண்ட்ராய்டு 11-லிருந்து 'வர்ச்சுவல் ஏ/பி' வந்துவிட்டது. இதில் இரண்டாவது முழுப் பிரதி கிடையாது. மாறிய பகுதிகளை மட்டும் தற்காலிகமாகத் தனியே எழுதி, புது சிஸ்டம் ஒருமுறை நன்றாக எழுந்த பிறகே பழையதோடு இணைக்கும். இந்தத் தற்காலிக எழுத்துக்குப் பெரும்பாலும் உங்கள் டேட்டா பகுதியிலிருந்துதான் இடம் எடுக்கிறது. 3 ஜிபி காலியில் பெரிய அப்டேட் போட்டது இங்கேதான் இடிக்கிறது. அப்டேட் எப்படியோ முடிந்தாலும், புது சிஸ்டம் முதன்முதலாக எழும்போது எழுத இடமில்லாமல் சுற்றும்.

இப்போது செய்ய வேண்டியது. சுற்றிக்கொண்டே இருக்கும் போன் சார்ஜ் ஏறாது, இறங்கத்தான் செய்யும். ரெக்கவரி மெனுவில் (சிஸ்டம் எழாதபோது பழுதுபார்க்க உள்ள தனி மெனு, போகும் வழி கீழே) 'பவர் ஆஃப்' கொடுத்து அணைத்து, சார்ஜரில் போட்டு, பாதிக்கு மேல் ஏற்றுங்கள். பிறகு 'ட்ரை அகெய்ன்' கொடுத்து, லோகோ அசையத் தொடங்கியதும் சத்தம் குறைக்கும் பட்டனை அழுத்திப் பிடித்தபடியே இருங்கள். பல போன்களில் அது சேஃப் மோடுக்குப் போகும். நீங்கள் நிறுவிய செயலிகள் எதுவும் ஓடாது. அதில் உள்ளே போய்விட்டால் வேறு எதையும் செய்யாமல் பெரிய வீடியோக்களை லேப்டாப்புக்கு நகர்த்தி இடம் உண்டாக்குங்கள். பெரிய அப்டேட்டுக்குப் பிறகு முதல் தடவை எழ 15, 20 நிமிடம் வரைகூட ஆகலாம். அசைகிற வரை காத்திருங்கள், அவசரப்பட்டு அணைக்காதீர்கள்.

அதிலும் ஏறவில்லை என்றால் ரெக்கவரி மெனுவுக்கு வாருங்கள். பெரும்பாலான போனில் அணைத்த நிலையில் சத்தம் கூட்டும் பட்டனும் பவரும் சேர்த்து அழுத்த வேண்டும். சிலவற்றில் ஆண்ட்ராய்டு பொம்மை படுத்துக்கிடக்க 'நோ கமாண்ட்' என்று வரும். அது பிழை இல்லை. பவரை அழுத்திப் பிடித்துக்கொண்டு சத்தம் கூட்டும் பட்டனை ஒரு தட்டுத் தட்டினால் மெனு வரும். அங்கே என்னென்ன வரிகள் இருக்கின்றன, மேலே சின்ன எழுத்தில் என்ன போட்டிருக்கிறது என்று அப்படியே எழுதி அனுப்புங்கள். 'அப்ளை அப்டேட் ஃப்ரம் ஏடிபி' என்ற வரி இருக்கிறதா என்பதுதான் முக்கியம். ஏடிபி என்பது கம்ப்யூட்டரிலிருந்து கேபிள் வழியாகப் போனோடு பேசும் வழி.

போன் சரியாகும் வரை சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டுவிடுங்கள். கொள்முதல் நிலையத்துக்கோ வங்கிக்கோ ஓடிபி வந்தால் தவறாது. யுபிஐ மட்டும் அந்தப் போனில் புதிதாகப் பதிய வேண்டியிருக்கும். பட்டா, சிட்டா நகல் உள்ளே இருந்தால் கவலை வேண்டாம், தமிழ்நாடு அரசின் இணையச் சேவையில் மறுபடி எடுத்துக்கொள்ளலாம்.

பாமணியாறு

நன்றி அண்ணே. சேஃப் மோடு வரவில்லை, சுற்றிவிட்டுப் பழைய திரைக்கே வருகிறது. ரெக்கவரி மெனுவில் 'ரீபூட் சிஸ்டம் நவ்', 'ரீபூட் டு பூட்லோடர்', 'என்டர் ஃபாஸ்ட்பூட்', 'அப்ளை அப்டேட் ஃப்ரம் ஏடிபி', 'வைப் டேட்டா', 'வியூ ரெக்கவரி லாக்ஸ்', 'பவர் ஆஃப்' இருக்கின்றன. 'வைப் கேஷ்' என்று எல்லாரும் சொல்கிறார்களே, அது இல்லை. மேலே ஒரு பில்ட் நம்பர் தெரிகிறது. மவுன்ட் ஆகவில்லை (சேமிப்பைத் திறக்க முடியவில்லை) என்று எந்தப் பிழையும் இல்லை. லேப்டாப்பில் செருகினால் சார்ஜ் ஏறும் சத்தம் கேட்கிறது, ஆனால் விண்டோஸ் போனைக் காட்டவே மாட்டேன் என்கிறது.

உப்பளக்காற்று (வேதாரண்யம்)

மெனுவுக்குக் குடமுருட்டி அண்ணன் சொல்வார். கம்ப்யூட்டர் காட்டாததற்கு நான் சொல்கிறேன்.

சார்ஜ் ஏறுவதற்கும் டேட்டா போவதற்கும் போர்ட்டில் தனித்தனி ஊசிகள். சார்ஜ் ஏறுகிறது என்பதால் போர்ட் நன்றாக இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. வேதாரண்யம், நாகை, தரங்கம்பாடி என்று கடலோரத்தில் உப்புக்காற்றில் டைப்-சி போர்ட்டின் ஊசிகளில் பச்சை பூத்துவிடுகிறது. உள்நாட்டில் வேறு தொல்லை: அறுப்பு நேரத்தில் சட்டைப்பையில் கிடக்கும் போனில் வைக்கோல் தூசியும் பதரும் போய் அடியில் கெட்டியாகிவிடும். கேபிள் கடைசிவரை போய் 'டிக்' என்று உட்காராது. போனை முழுக்க அணைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். மெல்லிய மரப் பல்குச்சியால் அடியிலிருக்கும் தூசியைக் கிளறி எடுங்கள். குண்டூசி, சேஃப்டி பின் வேண்டாம், நடுவில் இருக்கும் நாக்கு ஒடிந்துவிடும். பச்சை இருந்தால் 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை மென்மையான பிரஷ்ஷில் தொட்டு இரண்டு பக்கமும் தேய்த்து, நன்றாகக் காயவிட்டுச் செருகுங்கள். மருந்துக்கடை சானிடைசரை ஊற்றாதீர்கள், அதில் தண்ணீரும் கிளிசரினும் இருக்கும்.

அடுத்து கேபிள். மலிவான கேபிள்களில் நிறைய சார்ஜுக்கு மட்டும். டேட்டா கம்பியே உள்ளே இருக்காது. பெட்டியோடு வந்த கேபிள் இருந்தால் அதையே எடுங்கள். லேப்டாப்பில் யுஎஸ்பி ஹப் வழியாகச் செருகாதீர்கள், நேரடியாகச் செருகுங்கள். நீல நிற 3.0 ஓட்டையில் அறுந்து அறுந்து போனால் கறுப்பு 2.0 ஓட்டையில் போட்டுப் பாருங்கள், பல போன்களில் இந்த வேலைக்கு அதுதான் நிலையாக நிற்கிறது.

பட்டன்களையும் சோதித்துவிடுங்கள். சத்தம் குறைக்கும் பட்டன் உறை அழுக்கில் அமுங்கியே நின்றால், போன் ஒவ்வொரு தடவையும் தானாக ஃபாஸ்ட்பூட்டுக்கு (பூட்லோடரின் திரைக்கு) போகும். அப்டேட்டால் கெட்டது என்று நினைத்து ஃபிளாஷ் போட்டு டேட்டாவை இழந்தவர்கள் பலர். பின்கவரைக் கழற்றிவிட்டு இரண்டு பட்டனும் துள்ளித் திரும்புகிறதா என்று பாருங்கள்.

குடமுருட்டி

ஏடிபி வரி இருக்கிறது, 'ஃபெயில்ட் டு மவுன்ட்' பிழை இல்லை. இரண்டும் நல்ல அறிகுறி. சேமிப்புச் சிப்பே சாகத் தொடங்கியிருந்தால் அந்த மவுன்ட் பிழைதான் வரிசையாக வரும். 'வைப் கேஷ்' இல்லாதது சரிதான், ஏ/பி முறைப் போன்களில் தனியான கேஷ் பகுதியே கிடையாது.

செய்யப்போவது 'சைட்லோட்'. கம்பெனி கையொப்பமிட்ட முழு ஓடிஏ கோப்பை (சிஸ்டம் அப்டேட் கோப்பை) லேப்டாப்பிலிருந்து கேபிள் வழியாக அனுப்பி சிஸ்டம் பகுதியை மட்டும் புதிதாக எழுதவைப்பது. பூட்லோடரைத் திறக்க வேண்டாம், டேட்டா பகுதியைத் தொடாது. பூட்லோடரைத் திறக்கச் சொல்லி யார் வீடியோ போட்டிருந்தாலும் கேட்காதீர்கள், திறக்கும் கணமே டேட்டா முழுக்க அழியும். வடிவமைப்பே அப்படி. ஸ்லாட்டை மாற்றிப் பாருங்கள் என்பார்கள். பூட்டிய போன்களில் பெரும்பாலும் அதற்கு அனுமதி இல்லை. அப்டேட்டைப் பழையதோடு இணைக்கும் வேலை பாதியில் இருக்கும்போது மாற்றினால் இன்னும் கெடும்.

கோப்பைக் கம்பெனியின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். உங்கள் மாடல் எண், இந்திய வகை இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். 'இன்கிரிமென்டல்' என்று இருக்கும் சின்னக் கோப்பு உதவாது, 'ஃபுல்' ஓடிஏதான் வேண்டும். அது 2 ஜிபிக்கு மேல் இருக்கும். தினம் 2 ஜிபி திட்டத்தில் ஹாட்ஸ்பாட் போட்டு இறக்கினால் நடுவில் வேகம் படுத்துவிடும், கோப்பு குறைபட்டு நிற்கும். ஃபைபர் இணைப்பு இருக்கும் வீட்டில் இறக்கிக்கொள்ளுங்கள். இறக்கியதும் விண்டோஸ் கட்டளைத்திரையில் 'சர்ட்யூட்டில்' கொண்டு அதன் எஸ்எச்ஏ-256 எண்ணை (கோப்பின் கைரேகை போன்றது) எடுத்து, தளத்தில் போட்டிருக்கும் எண்ணோடு ஒப்பிடுங்கள். ஒரு எழுத்து மாறினாலும் மறுபடி இறக்குங்கள். ஜிப்பை விரிக்க வேண்டாம், அப்படியே அனுப்ப வேண்டும்.

கூகுள் தரும் 'பிளாட்ஃபார்ம் டூல்ஸ்' தொகுப்பையும் யுஎஸ்பி டிரைவரையும் நிறுவுங்கள். அந்த ஃபோல்டருக்குள்ளேயே ஓடிஏ கோப்பைப் போட்டு, பெயரைச் சின்னதாக மாற்றிக்கொண்டால் தட்டச்சுப் பிழை வராது. போனில் 'அப்ளை அப்டேட் ஃப்ரம் ஏடிபி' கொடுத்த பிறகு கேபிளைச் செருகுங்கள். கட்டளைத்திரையில் ஏடிபி டிவைசஸ் என்று கேட்டால் போனின் எண்ணும் பக்கத்தில் 'சைட்லோட்' என்ற சொல்லும் வர வேண்டும். பட்டியல் வெறுமையாக இருந்தால் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் ஆச்சரியக்குறியோடு ஒரு பெயர் நிற்கும். அதில் டிரைவரைக் கையால் தேர்ந்து கொடுங்கள். பிறகு ஏடிபி சைட்லோட், அடுத்து கோப்பின் பெயர், என்டர். அவ்வளவுதான் கட்டளை.

தொடங்கிய பிறகு கேபிளை அசைக்காதீர்கள். ரெக்கவரியில் இடம் போதாவிட்டால் பழைய சிஸ்டம் பிரதியை அழித்துவிட்டு அந்த இடத்தில் புதியதை எழுதும் வழக்கம் இதற்கு உண்டு. டேட்டா பகுதி நிரம்பியிருந்தாலும் சைட்லோட் ஓடுவது அதனால்தான். பாதியில் அறுந்தால் திரும்பிப்போகப் பழைய பிரதி இல்லாமல் போவதும் அதனால்தான். லேப்டாப் பேட்டரி முழுக்க இருக்கட்டும், ஸ்லீப் போகாதபடி அமைத்துவிடுங்கள். டெஸ்க்டாப்பில் செய்கிறவர்கள் யுபிஎஸ் இல்லாமல் தொடவே கூடாது. பம்புசெட் ஓடும் நேரத்தில் நம் பக்கம் வோல்டேஜ் எப்படி ஏறி இறங்குகிறது என்று தெரியும்தானே.

அரசலாறு (கும்பகோணம், செல் சர்வீஸ்)

கடைக்குக் கொடுக்க நினைப்பவர்களும், வேறு போன் வைத்திருப்பவர்களும் இதைப் படிக்க வேண்டும். ஃபிளாஷ் போட்டால் டேட்டா போகும் என்பது எல்லாப் போனுக்கும் உண்மை இல்லை. எப்படிப் போடுகிறார்கள் என்பதைப் பொறுத்தது.

சாம்சங் போன்களில் அணைத்துவிட்டு இரண்டு சத்தப் பட்டனையும் பிடித்தபடி கம்ப்யூட்டர் கேபிளைச் செருகினால் டவுன்லோட் மோடு வரும். ஒடின் மென்பொருளில் பிஎல், ஏபி, சிபி, சிஎஸ்சி என்று நான்கு கட்டம். நான்காவது கட்டத்துக்கு ஃபர்ம்வேர் தொகுப்பில் இரண்டு கோப்பு இருக்கும்: 'சிஎஸ்சி' என்று தொடங்குவது டேட்டாவை அழிக்கும், 'ஹோம் சிஎஸ்சி' என்று தொடங்குவது அழிக்காது. இந்த ஒரு கோப்பைப் பார்த்து எடுக்காததால் எத்தனை பேரின் படங்கள் போயிருக்கின்றன. 'ரீ-பார்ட்டிஷன்', 'நேண்ட் எரேஸ்' இரண்டிலும் டிக் இருக்கக் கூடாது. பில்ட் நம்பரின் கடைசியிலிருந்து ஐந்தாவது எழுத்து பூட்லோடர் நிலையைச் சொல்லும். போனில் இருப்பதைவிடக் குறைந்ததைப் போட்டால் 'எஸ்டபிள்யூ ரெவ் செக் ஃபெயில்' என்று நிற்கும். சாம்சங்கில் ஏ/பி முறை 2024-ல் ஏ55-இல்தான் வந்தது. அதற்கு முந்தைய மாடல்களில் அப்டேட் நேரடியாக ஓடும் சிஸ்டத்தின் மேலேயே எழுதப்படும், அதனால் பாதியில் அணைந்தால் பாதிப்பு அதிகம். அவற்றில் ரெக்கவரியில் 'வைப் கேஷ் பார்ட்டிஷன்' உண்டு. அதைக் கொடுப்பதால் படங்கள் போகாது, முதலில் அதைச் செய்து பார்க்கலாம். புது மாடல்களில் கேபிளைக் கம்ப்யூட்டரில் செருகியிருந்தால்தான் பட்டன் அழுத்தி ரெக்கவரிக்கே போக முடியும்.

மீடியாடெக் சிப் போன்களுக்கு எஸ்பி ஃபிளாஷ் டூல். அதில் 'டவுன்லோட் ஒன்லி' வைத்து, பட்டியலில் யூசர்டேட்டா (உங்கள் டேட்டா பகுதி) வரியில் டிக்கை எடுத்துவிட வேண்டும். 'ஃபார்மட் ஆல்' கொடுத்தால் டேட்டாவோடு என்வி-ராம் பகுதியும் அழிந்து ஐஎம்இஐ (போனின் அடையாள எண்) போய்விடும். சிம் போட்டாலும் டவர் வராது. ஐஎம்இஐயை மாற்றி எழுதுவது சட்டப்படி குற்றம், யாராவது எழுதித் தருகிறேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். ஷவோமியின் ஃபிளாஷ் டூலில் கீழே 'கிளீன் ஆல் அண்ட் லாக்' என்பதே முன்தேர்வாக இருக்கும். அப்படியே விட்டால் டேட்டாவும் போகும், வேறு நாட்டு ரோம் போட்ட போனாக இருந்தால் பூட்டிக்கொண்டு எழவும் எழாது.

குவால்காம் 9008 நிலைக்குப் போன போனுக்கு அந்தக் கம்பெனி கையொப்பமிட்ட 'ஃபயர்ஹோஸ்' கோப்பு (அந்த நிலையில் சேமிப்பில் எழுத உதவும் நிரல்) வேண்டும். அது பெரும்பாலும் கம்பெனியின் சர்வீஸ் சென்டரிடம்தான் இருக்கும். அப்டேட்டுக்கு முன்பே போன் அடிக்கடி உறைந்து, சூடேறி இருந்து, அப்டேட்டில் சுத்தமாக நின்றுவிட்டால் மென்பொருளை மட்டும் சந்தேகிக்காதீர்கள். அப்டேட்டின்போது பிராசசரும் சேமிப்பும் நெடுநேரம் முழுவேகத்தில் ஓடும். ஏற்கெனவே விரிசல் விட்டிருந்த சால்டரோ, தேய்ந்துபோன இஎம்எம்சி சேமிப்புச் சிப்போ அந்தச் சூட்டில் கைவிடும். பிராசசரை ரீபால் செய்ய (கழற்றிப் புது சால்டர் வைத்து மறுபடி ஒட்ட) போகும் முன் ஃபிளாஷ் போடக் கூடாது. அதே போர்டு, அதே பிராசசர், அதே சேமிப்புச் சிப் மூன்றும் ஒன்றாகப் பிழைத்தால்தான் டேட்டா திறக்கும்.

கடையில் கொடுக்கும்போது 'டேட்டா வேண்டும், யூசர்டேட்டாவைத் தொடாதீர்கள், பூட்லோடரைத் திறக்காதீர்கள்' என்று சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். பழைய கூகுள் கணக்கும் பாஸ்வேர்டும் கையில் இருக்கட்டும். ரெக்கவரி வழியாகவோ ஃபிளாஷிலோ ரீசெட் ஆனால் ஆண்ட்ராய்டு 5.1 முதல் இருக்கும் எஃப்ஆர்பி பூட்டு அந்தக் கணக்கைத்தான் கேட்கும்.

ஓடம்போக்கி (திருவாரூர்)

ஐபோன்காரர்களுக்கும் இரண்டு வரி சேர்த்துவிடுகிறேன். 8-ம் அதற்குப் பிந்தையதும் என்றால், கேபிளைச் செருகிவிட்டு, சத்தம் கூட்டும் பட்டனை ஒரு தட்டு, குறைக்கும் பட்டனை ஒரு தட்டு, பிறகு பக்கவாட்டு பட்டனை அழுத்தியபடியே இருங்கள். ஆப்பிள் லோகோ வந்தாலும் விடாமல், கேபிளும் கம்ப்யூட்டரும் படமாக வரும்வரை. கம்ப்யூட்டரில் 'அப்டேட்', 'ரீஸ்டோர்' என்று இரண்டு பட்டன் வரும். 'அப்டேட்' டேட்டாவை வைத்துக்கொண்டு ஐஓஎஸ்ஸை மட்டும் திரும்பப் போடும், 'ரீஸ்டோர்' அழித்துவிடும். கோப்பு இறங்க 15 நிமிடத்துக்கு மேல் ஆனால் போன் ரெக்கவரியை விட்டு வெளியே வந்துவிடும். நம் ஊர் இணைய வேகத்தில் இதுதான் பெரிய சிக்கல். அதனால் ஐபிஎஸ்டபிள்யூ கோப்பை (ஐஓஎஸ் மென்பொருள் கோப்பு) முன்னாடியே இறக்கி வைத்து, விண்டோஸில் ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு 'அப்டேட்' பட்டனை அழுத்தி அந்தக் கோப்பைக் காட்டுங்கள். ஆப்பிள் அப்போது கையொப்பம் கொடுத்துக்கொண்டிருக்கும் பதிப்பு மட்டும்தான் ஏறும். 4013, 4014, 9 என்று பிழை எண் வந்தால் முதலில் கேபிளையும் ஓட்டையையும் மாற்றிப் பாருங்கள்.

பாமணியாறு

போர்ட்டில் வைக்கோல் துணுக்கும் தூசியும் கட்டியாக இருந்தது அண்ணே. எடுத்துவிட்டு வேறு கேபிள் போட்டதும் விண்டோஸ் காட்டிவிட்டது. முதலில் போட்ட கோப்புக்கு 'அப்டேட் பேக்கேஜ் இஸ் ஓல்டர்' என்று திட்டியது. தளத்தில் இருந்த அதற்குப் புதிய கோப்பை எடுத்துப் போட்டேன், ஏற்றுக்கொண்டது. இப்போது லேப்டாப்பில் 47 சதவீதத்தில் வந்து 'டோட்டல் எக்ஸ்ஃபர் 1.00 எக்ஸ்' என்று போட்டுக் கட்டளைத்திரை முடிந்துவிட்டது. பாதிகூட ஆகவில்லையே. கேபிளைப் பிடுங்கி மறுபடி தொடங்கலாமா?

குடமுருட்டி

பிடுங்காதீர்கள். 47-ல் முடிவது இந்த முறையில் வழக்கம்தான், லேப்டாப் காட்டும் சதவீதம் தோராயக் கணக்கு. 1.00 எக்ஸ் என்றால் கோப்பு ஒருமுறை முழுதாகப் போய்விட்டது. போன் திரையைப் பாருங்கள். 'இன்ஸ்டால் ஃப்ரம் ஏடிபி கம்ப்ளீட்டட் வித் ஸ்டேட்டஸ் 0' என்று வரும்வரை விடுங்கள். பூஜ்யம் என்றால் வெற்றி, வேறு எண் என்றால் தோல்வி. தோல்வி என்றால் மேலே இருக்கும் வரிகளைப் படம் எடுத்து அனுப்புங்கள்.

முதல் கோப்பை அது மறுத்ததும் சரிதான். போனில் இருக்கும் பில்டைவிடப் பழைய தேதியுள்ள எதையும் ரெக்கவரி ஏற்காது. பாதுகாப்புக்கான பூட்டு அது, சுற்றிப்போக முயலக் கூடாது.

பூஜ்யம் வந்ததும் 'ரீபூட் சிஸ்டம் நவ்'. முதல் எழுச்சி நேரமெடுக்கும். எழுந்தால் பின் நம்பர் கேட்கும். அது கேட்டாலே உங்கள் டேட்டா பகுதி உயிரோடு இருக்கிறது. ஒருவேளை சைட்லோட் வெற்றி பெற்றும் அதே சுற்றல் தொடர்ந்தால், பெரும்பாலும் நிரம்பிய டேட்டா பகுதிதான் காரணம். வெளியிலிருந்து அதில் இடம் உண்டாக்கப் பூட்டிய போனில் வழி கிடையாது. அப்போது தளத்தில் அதைவிடப் புதிய பில்ட் வருகிறதா என்று பார்த்து அதைப் போட்டுப் பார்க்கலாம். அதுவரை அணைத்துவைத்திருந்தால் எதுவும் கெடாது.

பாமணியாறு

ஸ்டேட்டஸ் 0 வந்தது. எழுந்துவிட்டது அண்ணே! பின் கேட்டது, போட்டேன், படங்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. 'சேமிப்பு இடம் தீர்ந்துவிட்டது' என்று மட்டும் அறிவிப்பு வந்துகொண்டே இருக்கிறது. இப்போது முதலில் எதை எடுக்கட்டும்? தானாக அப்டேட் ஆவதை நிறுத்திவிடவா?

குடமுருட்டி

மிகவும் மகிழ்ச்சி தம்பி. இப்போது ரீஸ்டார்ட் மட்டும் செய்யாதீர்கள், செயலிகளை அப்டேட் செய்யாதீர்கள், புதுப் படம் எடுக்காதீர்கள். சார்ஜில் போட்டபடியே கேபிளில் 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்' தேர்ந்து, முதலில் டிசிஐஎம் (கேமரா படங்கள்), பிறகு பிக்சர்ஸ், டாகுமென்ட்ஸ், டவுன்லோட் ஃபோல்டர்களை லேப்டாப்பில் நகல் எடுங்கள். வெட்டி ஒட்டாதீர்கள். நகல் எடுத்து, லேப்டாப்பில் நாலைந்து படங்களைத் திறந்து பார்த்த பிறகுதான் போனில் அழிக்க வேண்டும். கணக்கு இருக்கும் நோட்ஸ் செயலியில் 'ஷேர்' கொடுத்து ஒவ்வொன்றையும் உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பிவிடுங்கள், நோட்ஸ் கோப்புகள் கேபிளில் தெரியாது.

வாட்ஸப் தனி. ஆண்ட்ராய்டு ஃபோல்டருக்குள் மீடியா, அதற்குள் காம்.வாட்ஸப் என்று போனால் 'டேட்டாபேசஸ்' இருக்கும், உரையாடல்களின் உள்ளூர்ப் பேக்கப் அங்கேதான். அந்த முழு ஃபோல்டரையும் நகல் எடுங்கள். இடம் உண்டாக்க வாட்ஸப்பின் 'மேனேஜ் ஸ்டோரேஜ்' பகுதியில் 5 எம்பிக்கு மேற்பட்ட வீடியோக்களிலிருந்து தொடங்கினால் விரைவில் காலியாகும். குறைந்தது 15 ஜிபி காலி வைத்திருங்கள்.

அறிவிப்புப் பட்டியில் அப்டேட்டை முடித்துக்கொண்டிருப்பதாக ஏதாவது வரி தெரிந்தால், அது முடியும்வரை போனை எழுப்பியே வையுங்கள். நடுவில் அணைந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும்தான், ஆனால் ஃபாஸ்ட்பூட் பக்கம் எதையும் தொடாதீர்கள்.

அப்டேட்டை நிரந்தரமாக நிறுத்த வேண்டாம், பாதுகாப்புத் திருத்தங்களும் அதில்தான் வருகின்றன. டெவலப்பர் ஆப்ஷன்ஸில் 'ஆட்டோமேட்டிக் சிஸ்டம் அப்டேட்ஸ்' என்பதை அணைத்துவிட்டால் ரீஸ்டார்ட் ஆகும்போது தானாக ஏறாது, நீங்கள் சொன்னால்தான் ஏறும். கொள்முதல் நிலையத்தில் மூட்டை நிற்கிற வாரத்தில் போடாமல், அறுப்பெல்லாம் முடிந்து, இடம் காலியாக இருக்கும்போது சார்ஜில் வைத்துப் போடுங்கள்.

அரசலாறு

ஒரு சேர்ப்பு. கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆன் செய்யும்போது கேமரா ஃபோல்டர் மட்டும்தான் முன்தேர்வாக இருக்கும். ரசீதுகள் வாட்ஸப்பில் வந்த படங்கள் என்றால் 'பேக்கப் டிவைஸ் ஃபோல்டர்ஸ்' உள்ளே போய் வாட்ஸப் இமேஜஸையும் கையால் ஆன் செய்ய வேண்டும். இலவச இடம் 15 ஜிபிதான். மெயில், போட்டோஸ், வாட்ஸப் பேக்கப் மூன்றும் அதில் அடங்க வேண்டும். வீடியோக்களை லேப்டாப்பிலும் ரசீதுப் படங்களைக் கூகுளிலும் வைத்தால் இடம் போதும்.

பாமணியாறு

டிசிஐஎம் நகல் ஆகிக்கொண்டிருக்கிறது. நோட்ஸ் எல்லாம் மெயிலுக்கு அனுப்பிவிட்டேன். வாட்ஸப் ஃபோல்டர் அடுத்து. எல்லாருக்கும் நன்றி.